அம்பு ஒட்டிய இசைத்தட்டு

என் கண்ணைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வயது நாற்பத்தாறு. கண்ணாடி போட்டதில்லை. கறுப்பு பனியனில் கறுப்பு நூல் ஒரு கண்ணி விட்டிருந்தால்கூட டியூப்லைட் வெளிச்சத்தில் கண்டுபிடித்துவிடுவேன். எங்கள் காம்பவுண்டில் ஊசிக்கு நூல் கோக்க இன்றைக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் திருப்பூரில் நாலு கம்பெனி செக்கிங்கில் போய் என்னைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்த அக்காவா, பாவம், கண் போய்விட்டதே என்பார்கள். அந்தப் பேரை எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு பழைய இசைத்தட்டு.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு இங்கே வந்தவள் நான். ஒரே பனியன் கம்பெனியில் பதினாலு வருஷம் செக்கிங். தைத்து முடித்த சட்டை எங்கள் மேஜைக்கு வரும். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்ட தையல், அழுக்கு என்று எது கண்ணில் பட்டாலும் அதன் பக்கத்தில் ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு எங்கே காட்டுகிறதோ அங்கே குறை. அந்தக் குறையைச் சரிசெய்கிறவர், செய்த பிறகு அம்பைப் பிய்த்து மேஜை ஓரத்தில் ஒட்டிவிடுவார். கறை எடுப்பது என் வேலை. அதிலும் பேனாக் கோடு என்றால் என்னிடம்தான் வரும். கட்டிங்கில் துணி மேல் பால்பேனாவால் நம்பர் போடுவார்கள், அது தப்பித் தவறி வெளிப்பக்கம் வந்துவிடும். பஞ்சில் ரெண்டு சொட்டு சொல்யூஷனைத் தொட்டு, துணிக்கு வலிக்காமல் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். அம்பு ஏன் ஒட்டியிருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். கேட்டுக்கொண்டு நின்றால் ஷிப்மென்ட் போகாது.

கொரோனா முடிந்த அடுத்த வருஷம், அமெரிக்காவில் சட்டை வாங்கி விற்கிற பையர் ஒருவரிடமிருந்து அந்த ஆர்டர் வந்தது. பழைய பாட்டுத் தட்டு ஒன்றின் அட்டையை அப்படியே கறுப்பு டீ-ஷர்ட்டின் மார்பில் அச்சடிக்க வேண்டும். ஆர்டரைப் பார்த்துக்கொண்ட மெர்ச்சண்டைசர் சோமனூர்க்காரத் தம்பி, முப்பது வயதுகூட இருக்காது. அட்டையை ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து எங்களுக்குக் காட்டினான். ஒரு மில் கேட்டுக்கு முன்னால் கட்டம் போட்ட கவுன் போட்ட பெண் ஒருத்தி கிதாருடன் நின்றாள். சிரிக்கவில்லை. அட்டை மூலையெல்லாம் நைந்து, நடுவில் டீ டம்ளர் வைத்த வட்டக் கறையோடு இருந்தது. அந்தக் கறையும் அச்சில் வர வேண்டுமாம். பழசு என்று தெரிவதற்குத்தான் அங்கே மவுசாம். நாள் பூராவும் கறை எடுத்து நகம் தேய்கிறது, இவன் கறையைப் போட்டுத் தா என்று கேட்கிறானே என்று நாங்கள் சிரித்தோம்.

யார் இந்தம்மா என்று நான்தான் கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம். அமெரிக்காவில் கன்ட்ரி பாட்டு என்று ஒரு வகை இருக்கிறதாம். கிதாரும் பிடிலும் வைத்துக்கொண்டு மலை, ரயில், சாராயம், ஓடிப்போன புருஷன், ஞாயிற்றுக்கிழமை சர்ச் என்று எல்லாவற்றையும் பாடுவார்களாம். இந்தம்மா மலையடிவார ஊர் ஒன்றில் சாக்ஸ் மில்லில் வேலை பார்த்தவள். ஒவ்வொரு சாக்ஸுக்குள்ளும் கையை விட்டு விரித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அதாவது செக்கிங். அவளுடைய அம்மாவும் அதே மேஜையில் அதே வேலை பார்த்தவள்தான். அம்மாவுக்குக் கண் மங்கியதும் சூப்பர்வைசர் ஒரே நாளில் வெளியே அனுப்பிவிட்டான். அதை மகள் பாட்டாகக் கட்டி, சொந்தச் செலவில் ஒரே ஒரு தட்டுப் போட்டாள். ரேடியோக்காரர்கள் சீந்தவில்லை. தட்டு வந்த அடுத்த திங்கட்கிழமை பழையபடி மில்லுக்குப் போய்விட்டாள். இத்தனை காலம் கழித்து யாரோ சின்னப் பிள்ளைகள் அந்தப் பாட்டைத் தோண்டி எடுத்து, இப்போது ஊரே கேட்கிறதாம். அந்தம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அச்சுக்கு நல்ல படம் கிடைக்காததால், தான் வைத்திருந்த தட்டையே அட்டையோடு கொடுத்தனுப்பியிருந்தாள்.

டீ டைமில் தம்பி செல்போனில் அந்தப் பாட்டைப் போட்டான். மூக்கால் பாடுவது மாதிரி இருந்தது. அந்தம்மாவுக்குச் சளி பிடிச்சிருக்குதாட்ட இருக்குது என்று பக்கத்து மேஜைக்காரி சொல்ல, நானும் சேர்ந்து சிரித்தேன். பாதியில் அம்மாவைப் பற்றிய இடம் வந்தபோது, அது அம்மாவைப் பற்றித்தான் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. அங்கே குரல் உடைந்தது. உடைந்ததைத் திருத்தாமல் அப்படியே விட்டிருந்தாள். எங்கள் மேஜைக்கு வந்திருந்தால் அதற்கும் ஒரு அம்பு ஒட்டியிருப்போம். டீ டம்ளரைக் கீழே வைத்தேன். இன்னொரு தடவை போடு தம்பி என்று கேட்டு வாங்கிக் கேட்டேன்.

இவ்வளவு சொன்னவன் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அட்டையின் கீழ் மூலையில் நீலப் பேனாவில் கோணல்மாணலாக ஒரு வரி இருந்தது. அதுவும் அச்சில் வர வேண்டும், டிசைனர் விட்டுவிடக் கூடாது என்பதற்காக, அதன் பக்கத்தில் இவனே ஒரு சிவப்பு அம்பை ஒட்டிவிட்டான். ஒரு பொட்டு விடாமல் அட்டையில் இருப்பதெல்லாம் வர வேண்டும் என்று டிசைனரிடம் சொல்லியும் இருக்கிறான். டிசைனர் போனில் படம் எடுத்துக்கொண்டு பிரிண்டிங் யூனிட்டுக்குப் போய்விட்டான். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அம்பு ஒட்டிய அந்த அட்டை சாம்பிள் சட்டைகளோடு சட்டையாக என் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

மறுநாள் காலையில் தம்பி அரக்கப்பரக்க ஓடி வந்தான். "அக்கா, பையரு வந்துட்டிருக்காங்க. இந்த டேபிள்ல இருக்கறது ஒண்ணு விடாம க்ளீனா இருக்கோணுங்க்கா" என்று சொல்லிவிட்டு நின்ற காலில் ஓடிவிட்டான்.

சட்டைகளை முடித்துவிட்டு அட்டையைக் கையில் எடுத்தேன். பேனாக் கோடு. பக்கத்தில் அம்பு. இது துணியில்லையே என்று கை ஒரு நிமிஷம் தயங்கியது, பொய் சொல்ல மாட்டேன். டீக் கறைக்கு அம்பு இல்லை, அதனால் அதை விட்டுவிட்டேன். பேனாவுக்கு அம்பு இருந்தது. வேலை வெட்டி இல்லாமல் யாராவது அம்பு ஒட்டுவார்களா? அட்டை வழவழப்பாக இருந்ததால் மை சீக்கிரமே எழும்பியது. படத்துக்கு ஒரு கீறல் விழவில்லை. அங்கே எழுத்து இருந்தது என்று சத்தியம் பண்ணினாலும் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள், அவ்வளவு சுத்தம். அம்பைப் பிய்த்து மேஜை ஓரத்தில் ஒட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

தம்பி திரும்பி வந்து அட்டையைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. இங்கே இருந்த எழுத்து எங்கே என்று கேட்டான். அம்பு ஒட்டியிருந்தது, எடுத்துவிட்டேன் என்றேன். மேஜை ஓரத்தைப் பார்த்தான். அன்று காலையிலிருந்து நான் பிய்த்த அம்பெல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. அட்டையை எடுத்துக்கொண்டு முதலாளி ரூமுக்குப் போனான்.

என்னைக் கூப்பிடுவதற்குள் கதை தயாராகிவிட்டது. அக்காவுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, எழுத்தை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டார்கள் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறான். நான் அம்பைப் பற்றிச் சொன்னேன். முதலாளி அவன் பக்கம் திரும்பி, நீங்கள் ஒட்டினீர்களா என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றான். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

முதலாளி என்னிடம், எந்த அம்பு என்று காட்டுங்க்கா என்றார். ஓடினேன். மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாம் ஒரே சிவப்பு, ஒரே அளவு, ஒரே மூக்கு. இத்தனை வருஷம் ஒரு கண்ணி நூலைக்கூடத் தப்பவிடாத கண்ணுக்கு, அதில் அந்த ஒரு அம்பு எது என்று தெரியவில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

அதற்குள் போனில் அந்தப் பாட்டுக்கார அம்மாவையே பிடித்துவிட்டார்கள். செய்தவரே மன்னிப்புக் கேட்டால் நல்லது என்று பையர் பக்கத்து ஆள் சொன்னாராம். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார்கள். தெரிந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையாக சாரி சொன்னேன். பிறகு தமிழில், மன்னிச்சிடுங்கம்மா, வேணும்னு செய்யல என்றேன். தம்பி அதை இங்கிலீஷில் நீட்டி முழக்கிச் சொன்னான். அப்புறம் குரல் வந்தது. பாட்டில் கேட்ட அதே குரல்தான், கொஞ்சம் காய்ந்துபோயிருந்தது. மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, ரொம்ப நேரம் பேசினாள். ஒரு இடத்தில் பாட்டில் உடைந்த மாதிரியே உடைந்தது. என்ன சொல்கிறார்கள் என்று நான் கேட்டேன். தம்பி முதலாளியைப் பார்த்தான்.

"அது அவங்க அம்மா எழுதினதுங்க்கா. இது என் மக பாடினதுன்னு. அவங்கம்மா கையெழுத்துன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சாமா" என்றான். அட்டையை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "இப்படிப்பட்டவங்கள வேலையில வெச்சிருக்க வேண்டாம்னு சொல்றாங்க" என்றான்.

கொங்குக்காரர்கள் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் ங்க போட்டுத்தான் தள்ளுவார்கள். கொஞ்ச நாள் ஊட்டுல ரெஸ்ட் எடுங்க்கா, கண்ணைக் காட்டிக்கோங்க்கா, சரியானதும் நாங்களே கூப்பிடறோமுங்க என்றார் முதலாளி. கேட் வரைக்கும் ஆள் அனுப்பி வழியனுப்பினார்கள். நான் கண்ணைக் காட்டத்தான் செய்தேன். இலவசக் கண் கேம்ப்பில் பார்த்த டாக்டர் உங்களுக்கு என்ன குறை, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். கண்ணில் குறையில்லை என்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினேன். எனக்கு முன்னால் என் பேர் போய்ச் சேர்ந்திருந்தது. உள்ளே போனதும், உட்காருங்க என்பதற்கு முன்னால், கண்ணு இப்ப எப்படி இருக்குதுங்க்கா என்றுதான் கேட்டார்கள். செக்கிங்காரிக்குக் கண் போய்விட்டது என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், அப்புறம் அவளுக்கு வேறு வியாதியே வேண்டாம்.

கோபமெல்லாம் எனக்குத் தம்பி மேல் இல்லை, முதலாளி மேலும் இல்லை. அந்தப் பாட்டுக்காரி மேல்தான். அடி பாதகத்தி, நீயும் செக்கிங்காரிதானே? உன் அம்மாவைக் கண் போச்சு என்று அனுப்பினதற்குத்தானே உருகி உருகிப் பாடினாய்? உன் வாயால் என்னை அனுப்பச் சொல்ல எப்படி மனசு வந்தது? பாத்திரம் கழுவும்போதெல்லாம் அவளைத் திட்டினேன். அந்தப் பாட்டு மட்டும், எழவு, மண்டையைவிட்டுப் போகவில்லை. வார்த்தை ஒன்றும் தெரியாமல், ராகம் மட்டும் தானாக மூக்கில் வந்துவிடும். வந்ததும் வாயை மூடிக்கொள்வேன்.

கடைசியில் ஒரு பாய் எனக்கு வேலை கொடுத்தார். எக்ஸ்போர்ட்டில் கழித்துவிட்ட சரக்கை மூட்டை மூட்டையாக வாங்கி, லேபிளை வெட்டிவிட்டு விற்கிற செகண்ட்ஸ் குடோன் வைத்திருந்தார். முன்கோபி, ஆனால் என் கண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. நாளெல்லாம் குறைபட்ட சட்டைகளைத் தரம் பிரிக்கிற வேலை. குறையை எடுக்க வேண்டாம், எவ்வளவு குறை என்று பார்த்துப் போட்டால் போதும். அப்படியே, பழைய கம்பெனியை விட்டு ரெண்டரை வருஷம் ஓடிவிட்டது.

போன கார்த்திகையில் ஒரு மூட்டையைப் பிரித்தால் கறுப்புச் சட்டைகள். அவள்தான். மில் கேட், கட்டம் போட்ட கவுன், கிதார், சிரிக்காத முகம். டீக் கறை வட்டம் அச்சு அசலாக வந்திருந்தது. தூக்கித் தூரப் போடத்தான் கை போனது. கீழ் மூலையில் அந்த நீல வரியும் இருந்தது. நான் துடைத்ததற்கு முந்தின நாள் டிசைனர் எடுத்த படத்திலிருந்து வந்த வரி. அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் வெளிறிப்போன சிவப்பில், ஒரு அம்பு.

ஸ்டிக்கர் என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. அச்சு. அடுத்த சட்டையை எடுத்தேன், அதிலும் அம்பு. மூட்டையையே கவிழ்த்தேன். ஒரு பொட்டு விடாதே என்று சொன்னதை டிசைனர் அப்படியே கேட்டிருக்கிறான், அம்பையும் பழைய அட்டையின் பாகம் என்று நினைத்து வரைந்துவிட்டான். பையரும் அதுதான் பழசு என்று ஓகே பண்ணியிருக்கிறான். நான் மேஜை ஓரத்தில் தேடிக் கிடைக்காத அம்பு அத்தனை சட்டையிலும் ஒட்டிக்கொண்டு கப்பல் ஏறிப் போய்விட்டது.

பேயைப் பார்த்த மாதிரி ஏன்மா உட்கார்ந்திருக்கே என்று பாய் அதட்டினார். சொன்னேன். சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தம்பி மூஞ்சிக்கு நேராகக் காட்டிவிட்டு வா, இன்றைக்கு வேலை வேண்டாம் என்றார்.

தம்பி இப்போது பல்லடம் ரோட்டில் வேறொரு கம்பெனியில் பெரிய ஆள். கேட்டில் சொல்லியனுப்பி, வெயிலில் ஒரு மணி நேரம் நின்றேன். வந்தான். அடையாளம் தெரிந்துகொண்டு, வாங்க்கா என்று எதிர் டீக்கடைக்குக் கூட்டிப் போனான். பெஞ்சில் சட்டையை விரித்து, அம்பின் மேல் விரலை வைத்தேன். சட்டையைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தான்.

"நான்தானுங்க்கா ஒட்டினேன்" என்றான்.

அவ்வளவுதான். ரெண்டரை வருஷம் நான் கேட்கத் தவித்த வார்த்தையை, டீக்குச் சர்க்கரை கம்மி என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். டீக்கடைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குத் திட்டினேன். எல்லாவற்றையும் தலை குனிந்து வாங்கிக்கொண்டான். அப்புறம், இன்னொன்றும் இருக்கிறது என்றான்.

"அந்தம்மா அன்னிக்கு அப்படிச் சொல்லலீங்க்கா. எங்கம்மாவையும் கண்ணு போச்சுன்னுதான் அனுப்புனாங்க, எழுத்து போனா போகுது, தயவு செஞ்சு அவங்கள அனுப்பிடாதீங்கன்னு அழுதாங்க. நீங்க அங்கயே இருந்தா அம்புப் பேச்சும் இருந்துட்டே இருக்கும்னு நான்தான் மாத்திச் சொல்லிட்டேன். மொதலாளியும் கேட்டுட்டுக் கண்டுக்கலீங்க்கா."

எனக்கு அவனை அடிக்கக்கூடக் கை எழவில்லை. நான் பாதகத்தி என்று திட்டினதெல்லாம் யாரை? எண்பது வயசில், தன் அம்மாவின் ஒரே எழுத்தைத் தொலைத்துவிட்டு, முன்பின் பார்க்காத எனக்காக அழுதவளை. டீ ஆறிப்போய் ஏடு கட்டியது.

அதோடும் முடியவில்லை. அந்த அக்கா வேலையில்தானே இருக்கிறார்கள் என்று அவள் மெயில் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். ஆமாம் என்று இவர்கள் பதில் போட்டிருக்கிறார்கள். ஒரு போட்டோ அனுப்புங்கள் என்று கேட்டாளாம். என் இடத்துக்கு வந்த பெண்ணுக்கு இதே சட்டையை மாட்டி, என் மேஜையில் உட்கார வைத்து எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். போனில் தேடி எடுத்துக் காட்டினான். யாரோ ஒரு பெண், தடிக் கண்ணாடி போட்டுக்கொண்டு சட்டையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அந்தம்மா என்ன பதில் போட்டாள் என்று கேட்டேன்.

"கண்ணாடி வாங்கிக் குடுத்தீங்களா, ரொம்ப சந்தோஷம்னு போட்டிருந்தாங்க்கா."

அங்கேயே எழுதச் சொன்னேன். என் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுது. அம்பு ஒட்டியது நீ, துடைத்தது நான் என்று எழுது. அந்தப் போட்டோவில் இருப்பது நானில்லை என்று எழுது. உங்கள் அம்மா எழுத்தைத் துடைத்த இந்தக் கை இன்னும் கூசுகிறது என்று எழுது. நான் சொல்லச் சொல்ல, அவன் குனிந்து இங்கிலீஷில் தட்டிக்கொண்டே இருந்தான். முடித்ததும் போனை என் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு அழுத்தினான். போயிருச்சுங்க்கா என்றான்.

நல்ல வெயில். அந்தச் சின்னத் திரையில் ஒவ்வொரு எழுத்தும், நடுவில் இருந்த புள்ளியும் கோடும்கூட, எனக்குத் துல்லியமாகத் தெரிந்தன. அவன் என்ன எழுதினான் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.